நாயகனுக்கும் வில்லனுக்கும் ஒரே குரல்: சோமாலி பேசும் இந்தியப் படங்கள்

ஒல்லியாக இருப்பவரைக் கிண்டல் செய்ய "சோமாலியா" என்று சொல்லும் கெட்ட பழக்கம் நம்மிடம் உண்டு. பஞ்சம், உள்நாட்டுப் போர், கடற்கொள்ளை. செய்திகள் நமக்குக் காட்டிய சோமாலியா அவ்வளவுதான். ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு நம்மைப் பற்றி நிறையவே தெரியும். நம் கதாநாயகர்கள் எப்படி அடிப்பார்கள், நம் மாமியார்கள் எப்படி முறைப்பார்கள், தாலி கட்டப்போகும் நேரத்தில் யார் வந்து கல்யாணத்தை நிறுத்துவார்கள் என்பது வரை அத்துப்படி. எல்லாம் இந்தியப் படங்கள் கற்றுக்கொடுத்தவை. அதிலும் இன்றைய தலைமுறை பார்ப்பது சோமாலி மொழியில் பேசும் இந்தியப் படங்களை.

சோமாலி பேசுகிறவர்கள் சோமாலியாவுக்குள் மட்டும் இல்லை. ஜிபூத்தி, எத்தியோப்பியாவின் கிழக்குப் பகுதி, கென்யாவின் வடகிழக்கு, 1991இல் தனி நாடாக அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்து என ஆப்பிரிக்காவின் கொம்பு முழுக்கப் பரவியிருக்கிறார்கள். இரண்டு கோடிக்கும் மேல். போருக்குப் பிறகு நைரோபியின் ஈஸ்ட்லி, லண்டன், டொரான்டோ, அமெரிக்காவின் மினியாபொலிஸ் என்று இன்னும் பல ஊர்களில் குடியேறிவிட்டார்கள். ஓர் ஊரில் ஒருவர் மைக் முன் உட்கார்ந்து ஒரு படத்துக்குக் குரல் கொடுத்தால், அது இத்தனை ஊர்களிலும் ஓடும். நான்கு நாடுகள், ஏராளமான அகதிக் குடும்பங்கள், எல்லோருக்கும் ஒரே மொழி. டப்பிங் வேலைக்கு இதைவிட வசதியான சந்தை கிடைப்பது கஷ்டம்.

சரி, டப்பிங் என்றால் என்ன என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒரு படத்தை இன்னொரு மொழிக்காரருக்குப் புரியவைக்க மூன்று வழிகள் பொதுவாக உண்டு. முதலாவது சப்டைட்டில்: கீழே எழுத்து ஓடும், பார்ப்பவர் படிக்க வேண்டும். இரண்டாவது, நாம் டிவியில் பார்த்துப் பழகிய முழு டப்பிங்: ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக் குரல், உதட்டசைவுக்கு ஏற்ற வசனம், அசல் குரலே கேட்காது. மூன்றாவது, மேலே ஒரு குரல் ஏற்றுவது: அசல் ஒலி அடியில் மெல்ல ஓடிக்கொண்டிருக்க, அதன் மீது ஒருவர் தன் மொழியில் சொல்லிக்கொண்டே போவார். சோமாலியில் இந்தியப் படங்கள் பெரும்பாலும் இந்த மூன்றாவது வழியில்தான் வேர்விட்டன.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். பெரிய வீட்டு முற்றம். மகள் அழுகிறாள், அப்பா கத்துகிறார், வாசலில் நெற்றியில் ரத்தம் வழியக் காதலன் நிற்கிறான். அப்பா வாயைத் திறந்ததும் இந்தி வசனத்தின் சத்தம் சட்டென்று அடங்கிவிடுகிறது. ஒரு நொடி தாமதித்து, மேலே சோமாலிக் குரல் எழுகிறது. அப்பா முடித்ததும் மகள் பேசுகிறாள். அதே ஆண் குரல், கொஞ்சம் இறங்கி, கொஞ்சம் குழைந்து. காதலன் பதில் சொல்கிறான். அவனுக்கும் அதே ஆள்தான். இடையில் அடியாள் ஒருவன் உறுமுகிறானே, அவனுக்கும். இந்தக் களேபரத்தில் பின்னணியில் அழுதுகொண்டிருந்த வயலினைக் கவனியுங்கள்: யாராவது பேசும்போதெல்லாம் அது அமுங்குகிறது, பேச்சு நின்றதும் மறுபடி மேலே வருகிறது.

வயலின் அப்படி அமுங்குவதற்குக் காரணம் உண்டு. முறைப்படி டப்பிங் உரிமை வாங்கினால், தயாரிப்பாளர் வசனம் இல்லாத தனி ஒலித்தடம் ஒன்றைக் கொடுப்பார். இசை, காலடிச் சத்தம், கதவு சாத்தும் சத்தம் எல்லாம் அதில் இருக்கும். அதன் மேல் புது வசனத்தை ஏற்றினால் சுத்தமாக இருக்கும். அது கையில் இல்லாதவர் என்ன செய்வார்? முழுப்படத்தின் ஒலியையும் ஒரே கட்டாகத்தான் அவரால் குறைக்கவும் கூட்டவும் முடியும். வசனத்தை அமுக்கினால் வயலினும் சேர்ந்து அமுங்கும். தலையில் ஹெட்போன், முன்னால் ஒரு கணினி, ஒரு மைக், சாதாரண எடிட்டிங் மென்பொருள், இவை போதும். அசலைப் புரிந்துகொள்ள இந்தி தெரிந்திருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஆங்கிலத்திலோ அரபியிலோ சப்டைட்டில் கிடைக்கும், அதை வைத்துச் சமாளிக்கலாம்.

புதிதாகப் பார்ப்பவருக்கு முதல் பத்து நிமிடம் சிரிப்பு வரும். அப்புறம் ஆச்சரியமாகக் காது பழகிவிடும். உணர்ச்சியை நடிகரின் முகத்திலிருந்தும் அடியில் ஓடும் அசல் குரலிலிருந்தும் எடுத்துக்கொள்கிறோம், அர்த்தத்தை மட்டும் மேலே ஓடும் குரலிலிருந்து. இது ஒரு விதத்தில் கதை சொல்லுதல். பேசாப் படக் காலத்தில் சென்னைக் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையை விளக்கிச் சொல்வாராமே, கிட்டத்தட்ட அந்த வேலை. குரல் கொடுப்பவர் வசனத்தை வரிக்கு வரி பெயர்த்துக்கொண்டிருப்பதில்லை. புரியாத இடத்தில் ஒரு வார்த்தை விளக்கம் சேர்ப்பார். ஒரு நக்கல், ஒரு பழமொழி போடுவார். நல்ல குரல்காரருக்கு நடிகருக்கு இருப்பதுபோல ரசிகர்கள் உண்டு. சோமாலியர்கள் மட்டும் இப்படிச் செய்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். உகாண்டாவில் இப்படிப் படத்துக்கு மேல் பேசுகிறவர்களை 'விஜே' என்பார்கள், அங்கே அது பெரிய தொழில். கென்யாவிலும் தான்சானியாவிலும் சுவாஹிலியில் இதே மரபு இருக்கிறது.

சப்டைட்டிலே போட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். என் கணிப்பில் இந்த விஷயத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. சோமாலிக்கு அதிகாரபூர்வமான எழுத்து முறை வந்ததே 1972இல்தான். அதுவரை அரபு எழுத்தா, லத்தீன் எழுத்தா, சோமாலியர்களே உருவாக்கிய எழுத்தா என்ற சண்டை ஓயவில்லை. கடைசியில் ராணுவ ஆட்சியாளர் சியாத் பர்ரேயின் அரசு லத்தீன் எழுத்தைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் பள்ளி மாணவர்களைக் கிராமங்களுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் அனுப்பி எழுத்தறிவு இயக்கம் நடத்தினார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் 1991இல் அரசே கவிழ்ந்து, பள்ளிக்கூடங்களும் போயின. படிக்க வாய்ப்பே கிடைக்காத ஒரு தலைமுறை வளர்ந்தது. ஓடும் படத்தின் கீழே வேகமாக மாறும் எழுத்தை அவர்கள் எப்படிப் பிடிப்பார்கள்?

அதே நேரத்தில், காதால் கேட்பதில் இவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே போன ஆங்கிலேயப் பயணி ரிச்சர்ட் பர்ட்டன், இந்த நாட்டில் எங்கு பார்த்தாலும் கவிஞர்கள் என்று வியந்து எழுதினார். சோமாலி மரபுக் கவிதையில் ஒரு கடுமையான விதி உண்டு: எடுத்த ஓர் எழுத்தின் மோனை கவிதை முழுக்க, அது நூறு வரி ஓடினாலும், அடிதோறும் வர வேண்டும். இப்படிப்பட்ட கவிதைகளை ஒருவர் சொல்ல, கேட்டவர் மனப்பாடம் செய்து ஒட்டகக் கூட்டத்தோடு அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சொல்வார். பின்னாளில் வானொலி வந்தபோது அது வீட்டுக்கு வீடு குடும்ப உறுப்பினர் ஆகிவிட்டது. பிபிசியின் சோமாலி சேவை 1957இல் தொடங்கியது. ஒரே குரல் நீளமாகச் சொல்லிக்கொண்டே போவதைக் கேட்டு, மனதுக்குள் படம் ஓட்டிப் பழகிய மக்கள் இவர்கள். படத்தை நாமே காட்டிவிட்டு அதே குரலை மேலே ஓட்டினால் ஏன் ரசிக்க மாட்டார்கள்?

ஆனால் இந்தியப் படம் சோமாலியர்களிடம் டப்பிங்கோடு வந்து சேரவில்லை. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே வந்துவிட்டது.

பருவக்காற்றைப் பிடித்து குஜராத்திலிருந்தும் பம்பாயிலிருந்தும் பாய்மரக் கப்பல்கள் சோமாலித் துறைமுகமான பெர்பெராவுக்கும் தலைநகர் மொகதிஷுவுக்கும் போய்வந்த காலம் மிகப் பழையது. அங்கிருந்து குங்கிலியமும் தோலும் வந்தன, இங்கிருந்து அரிசியும் துணியும் போயின. பிரிட்டிஷ் சோமாலிலாந்தை 1884 முதல் 1898 வரை நிர்வகித்ததே பிரிட்டிஷ் இந்திய அரசுதான், ஏடன் வழியாக. இன்று ஏமனில் இருக்கும் ஏடன் துறைமுகம் அப்போது பம்பாய் மாகாணத்தின் ஒரு பகுதி. இரண்டாம் உலகப்போர் காலம் வரை சோமாலிலாந்துக் கடைகளில் இந்திய ரூபாய் புழங்கியது. சோமாலியர் வீட்டில் நோன்பு திறக்கும் நேரத்தில் தட்டில் இருக்கும் சம்பூஸ் நம் சமோசாவின் உறவுதான். ஏலக்காயும் பட்டையும் போட்ட தேநீரும் நமக்கு அந்நியமில்லை. ஆண்கள் இடுப்பில் கட்டும் மஅவிஸை நம் ஊரில் பார்த்தால் கைலி என்றே சொல்லிவிடுவோம்.

இசையும் இதே வழியில் போனது. நவீன சோமாலி இசையின் தந்தை என்று சொல்லப்படும் அப்துல்லாஹி கர்ஷி சிறுவயதில் வளர்ந்தது ஏடனில். அரபு இசையும் இந்திய இசையும் தெருவில் கலந்து ஒலித்த துறைமுகம் அது. 1970களின், 80களின் சோமாலிப் பாடகிகளைக் கேட்டால் குரலை மேலே இழுத்து நெளிக்கும் இடங்களில் பழைய இந்தித் திரைப்பாடலின் சாயல் நன்றாகத் தெரியும். இதை நீங்களே கேட்டுப் பார்க்கலாம்: 2017இல் வெளிவந்த ஒரு பழைய சோமாலிப் பாடல் தொகுப்பு கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவுக்குப் பேசப்பட்டது, அந்தக் காலத்துப் பாடல்கள் இன்று இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன.

1960இல் விடுதலை அடைந்த பிறகு மொகதிஷுவில் சினிமா செழித்தது. இத்தாலியப் படம், ஹாலிவுட் படம், ஹாங்காங் சண்டைப் படம், கூடவே இந்திப் படம். மொழி தெரியாமலே பார்த்தார்கள். ஆனால் மொழி முழுக்கப் புரியாததாகவும் இல்லை. இந்துஸ்தானியில் இருக்கும் துனியா, கிதாப், ஜவாப், வக்த் போன்ற அரபுச் சொற்கள் சோமாலியிலும் இருக்கின்றன. மிச்சத்தை அழுகையும் பாட்டும் பார்த்துக்கொண்டன. பழைய தலைமுறைச் சோமாலியர்களில் அரைகுறை இந்தி பேசுகிறவர்களை, இந்திப் பாட்டை ஒரு சொல் பிசகாமல் பாடுகிறவர்களை இன்றும் காணலாம். அமிதாப் பச்சனுக்கு அவர்கள் வைத்த பெயர் அலி தீரி, அதாவது நெட்டை அலி. பட்டப்பெயர் வைப்பதில் சோமாலியர்கள் மன்னர்கள். அவர்களின் முன்னாள் அதிபர் ஒருவரையே உலகம் 'ஃபர்மாஜோ' என்றுதான் அறியும். சீஸுக்கான இத்தாலியச் சொல்லிலிருந்து வந்த பட்டப்பெயர் அது.

இந்தியப் படத்தின் வடிவமே அவர்களுக்குப் பழக்கமானதாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. சோமாலியில் 'ரிவாயத்' என்ற மேடை நாடகம் 1950களிலிருந்து கொடிகட்டிப் பறந்தது. கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் கவிதை வசனம், நடு நடுவே பாட்டு, அப்புறம் ஒரு பெரிய அழுகை. ஹஸன் ஷேக் மூமின் 1968இல் எழுதிய புகழ்பெற்ற நாடகம் ஒன்றின் கதை, போலித் திருமணம் செய்து பெண்களை ஏமாற்றும் ஒருவனைப் பற்றியது. பெயர்களை மாற்றிவிட்டுச் சொன்னால் நம் 60களின் படம் ஒன்றின் கதை என்றே நம்பிவிடுவோம். ஆகவே பாட்டு வந்ததும் "இது எதுக்கு நடுவுல?" என்று மேற்கத்திய ரசிகர் கேட்கும் கேள்வி சோமாலியருக்கு எழவே இல்லை.

கதைச் சிக்கல்களும் ஒத்துப்போயின. காதலா, குடும்பம் பார்த்த மாப்பிள்ளையா? அண்ணன் பேச்சை மீறலாமா? குலத்தின் மானம் என்னாவது? ஹாலிவுட் படத்தில் இருபது வயதுப் பெண் அப்பாவைக் கேட்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். இந்தியப் படத்தில் அவள் வாசலில் நின்று இரண்டு மணி நேரம் அழுவாள். குலமும் மூத்தவர்களும் முடிவெடுக்கும் சமூகத்தில் எந்தப் பெண்ணின் கதை ஒட்டும் என்று சொல்லத் தேவையில்லை. நைஜீரியாவின் கானோ நகரில் ஹவுசா மொழி பேசும் முஸ்லிம்கள் இந்திப் படங்களை ஏன் இப்படி நேசிக்கிறார்கள் என்று மானுடவியலாளர் பிரையன் லார்கின் 1997இல் ஆராய்ந்து எழுதினார். மேற்கைப் பின்பற்றாமலே நவீனமாக வாழலாம் என்பதற்கு இந்தப் படங்கள் ஒரு மாதிரியைக் காட்டுகின்றன என்பது அவர் வாதம். சோமாலியர்களுக்கும் அது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

1991க்குப் பிறகு திரையரங்குகள் போயின. சில குண்டு விழுந்து சிதைந்தன, சிலவற்றில் வீடிழந்தவர்கள் குடியேறினார்கள். 1967இல் சீனப் பொறியாளர்கள் கட்டிய மொகதிஷு தேசிய நாடக அரங்கு ஆயுதக் குழுக்களின் முகாமாக இருந்த காலமும் உண்டு. அங்கே முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு படம் திரையிடப்பட்டது 2021 செப்டம்பரில்தான். டிக்கெட் 10 டாலர். நடுவில் இருந்த காலத்தில் சினிமா சின்ன வீடியோ கொட்டகைகளுக்கு இறங்கி வந்தது: தகரக் கூரை, ஒரு டிவி, ஒரு ஜெனரேட்டர், பெஞ்சுகள். 2006இல் மொகதிஷுவைப் பிடித்த இஸ்லாமிய நீதிமன்றக் கூட்டமைப்பு இந்தக் கொட்டகைகளையும் மூடியது. அதற்குப் பின் வந்த அல்-ஷபாப் என்ற தீவிரவாத அமைப்பு தன் கட்டுப்பாட்டில் உள்ள இடங்களில் படத்தையும் பாட்டையும் தடைசெய்தது. சினிமா பார்ப்பது உயிரோடு விளையாடும் விஷயமாக இருந்த ஊர்கள் உண்டு. ஆகவே படம் வீட்டுக்குள், குறுந்தட்டுக்குள், மெமரி கார்டுக்குள், கடைசியில் கைபேசிக்குள் நுழைந்தது.

வீட்டுக்குள் வந்ததும் பார்வையாளர்கள் மாறினார்கள். கொட்டகையில் கூடியது பெரும்பாலும் இளைஞர் பட்டாளம். வீட்டிலோ அம்மா, பாட்டி, சின்னப் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக உட்காருகிறார்கள், எல்லோருக்கும் புரிய வேண்டும். சோமாலி டப்பிங் தொழிலாக வளர்ந்ததற்கு இது பெரிய காரணம். இன்று ஃபான்புரோஜ், அஸ்தான் போன்ற டப்பிங் நிறுவனங்களின் பெயர்கள் சோமாலி ரசிகர்களுக்கு மனப்பாடம். டிவி அலைவரிசைகள், செயலிகள், கைபேசிப் பணத்தில் கட்டும் சந்தா என்று தொழில் நகர்ந்துவிட்டது. ஒற்றைக் குரல் போய், பெண்களும் சேர்ந்து பல குரல்களில் பேசும் டப்பிங்கும் வருகிறது. அசல் ஒற்றைக் குரலுக்கு இருந்த குறும்பு அதில் கொஞ்சம் குறைவு என்பது என் அபிப்பிராயம். படங்களோடு இந்தி சீரியல்களும் ஓடுகின்றன. மாமியார் திரும்பிப் பார்க்க, மூன்று முறை இடி இடிக்க, சோமாலிக் குரல் பொறுமையாகக் காத்திருக்கும்.

நமக்கு நேரடியாகச் சம்பந்தமுள்ள சமாச்சாரம் ஒன்று இதில் இருக்கிறது. சோமாலியர்கள் 'இந்திப் படம்' என்று சொல்வதில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் அடக்கம். கடந்த பதினைந்து ஆண்டுகளில் தென்னிந்திய அதிரடிப் படங்களை இந்தியில் டப் செய்து யூடியூபிலும் வட இந்திய டிவியிலும் கொட்டினார்கள் அல்லவா, சோமாலிக் குரல்காரர்கள் பெரும்பாலும் எடுத்தது அந்த இந்திப் பதிப்புகளை. மதுரையில் நடக்கும் கதை முதலில் இந்திக்குப் போய், அங்கே பெயர்கள் மாறி, பிறகு சோமாலிக்குப் போகிறது. வடிவேலு மாதிரி ஒருவரின் நகைச்சுவை பாதி வழியிலேயே காணாமல் போய்விடும். அரிவாளும் பறக்கும் காரும் பத்திரமாகப் போய்ச் சேரும். நம் படங்களில் எந்த வகை அங்கே அதிகம் ஓடுகிறது என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

பணம் யாருக்குப் போகிறது என்பது சங்கடமான கேள்வி. இந்த டப்பிங்குகளில் பல, தயாரிப்பாளரிடம் உரிமை வாங்காமல் நடப்பவை. ஒருவர் கஷ்டப்பட்டுக் குரல் கொடுத்த படத்தை மறுநாளே இன்னொருவர் சுட்டு, தன் முத்திரையைப் போட்டுப் பரப்புவதும் உண்டு. திரையின் மூலையில் சின்னம் அவ்வளவு பெரிதாகத் தெரிவது அதனால்தான். உரிமை இல்லாத சரக்கைத் தன்னுடையது என்று காட்ட முத்திரை குத்துவதில் ஒரு வேடிக்கை இருக்கிறதுதான். ஆனால் சோமாலிப் பதிப்பு வேண்டும் என்று எத்தனை இந்தியத் தயாரிப்பாளர்கள் யோசித்திருப்பார்கள்? நடுவில் துருக்கி முந்திக்கொண்டு வருகிறது. 2011இல் துருக்கியின் அப்போதைய பிரதமர் எர்டோகன் மொகதிஷுவுக்கு வந்த பிறகு துருக்கியின் மருத்துவமனை, சாலை, விமான சேவை எல்லாம் வந்தன, கூடவே துருக்கி சீரியல்களும். முஸ்லிம் வீரர்கள் குதிரையில் வரும் வரலாற்றுத் தொடர்களுக்கு அங்கே ஏகப்பட்ட கிராக்கி. அதற்கும் சோமாலியில் குரல் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

நேரில் பார்க்க ஆசையாக இருந்தால், யூடியூபில் ஆங்கில எழுத்தில் 'ஹிந்தி அஃப் சோமாலி' என்று தட்டுங்கள். 'அஃப்' என்றால் மொழி. வரும் பட்டியலில் நீங்கள் ஏற்கெனவே பார்த்த தமிழ்ப் படம் ஏதாவது இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள், கதை தெரிந்திருப்பதால் குரலைக் கவனிக்க முடியும். எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று பாருங்கள். அடியில் கேட்பது தமிழ் வசனமா, இந்தி வசனமா என்று காது கொடுங்கள். பாட்டு வரும் இடத்தில் அதை அப்படியே விட்டிருக்கிறார்களா, வெட்டிவிட்டார்களா என்பதையும் பாருங்கள், இதில் ஒவ்வொருவரும் ஒரு விதம். கீழே கருத்துப் பகுதியில் அடுத்து எந்தப் படம் வேண்டும் என்று சோமாலியில் சண்டை போடுகிறவர்கள் கண்ணில் பட்டால், அதில் நம் ஊர் நடிகர் பெயர் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.